புயலை அளந்தவரும் மக்களைக் கேட்டவரும்

பினாங்கு புயல் காணாத தீவு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் காற்றுக்கு ஏற்படும் திருப்பமே புயலைச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டை அடுத்த இடங்களில் அத்திருப்பம் மிகக் குறைவு. பினாங்கோ வடக்கே ஏறத்தாழ 5 பாகையில், நிலநடுக்கோட்டிற்கு அருகிலேயே அமைந்துள்ளது. ஆதலின் வங்கக் கடலில் வலுப்பெறும் பெரும்புயல்கள் சென்னையையும் சிட்டகாங்கையும் நோக்கிச் செல்லுமேயன்றி இத்தீவின் பக்கம் திரும்புவதில்லை. விடியற்காலையில் மேற்கேயிருந்து பாய்ந்து வந்து சற்று நேரத்தில் ஓய்ந்துபோகும் 'சுமத்திரா' காற்றையே இங்குள்ளோர் பெருங்காற்று எனக் கருதி வந்தனர்.

2017 நவம்பர் 4-ஆம் நாள் தொடங்கி மறுநாள் வரை பெய்த மழை அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. வட்டாரத்தில் நிலவிய காற்றழுத்தத் தாழ்வின் விளைவாக ஒரு நாளைக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மரங்கள் வேரொடு சாய்ந்தன. ஜார்ஜ் டவுனில் பீ. ரம்லி சாலை போன்ற தாழ்ந்த இடங்களிலும், அக்கரையில் செபராங் பிறைப் பகுதியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்போதைய மாநில முதலமைச்சர் லிம் குவான் எங், பின்னிரவு 3 மணியளவில் துணைப் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து இராணுவத்தின் உதவியைக் கேட்க நேர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறினர். 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் முதியோரும் இருந்தனர்.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்ததும் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு மழை பெய்தது, காற்று எத்திசையில் எவ்வளவு விரைவாக வீசிற்று, ஆறு எத்தனை அடி உயர்ந்தது என்பன ஒருவகை. மழைமானியும் காற்றுமானியும் நீர்மட்டக் கோலும் அவற்றுக்கு விடை சொல்லிவிடும். செய்தி யாருக்கு எட்டியது, எட்டியவர் ஏன் புறப்படவில்லை, புறப்பட்டவரை எழுப்பிவிட்டது எது, ஒரே தெருவில் ஒருவர் பிழைக்க மற்றவர் மாண்டது எவ்வாறு என்பன மற்றொரு வகை. இவற்றுக்கு விடைகூறும் கருவி ஒன்றும் இல்லை. மக்களிடம் சென்று கேட்டுத்தான் அறிதல் வேண்டும். வானிலை நூலும் சமூகவியலும் கைகோத்துச் செய்யும் இவ்வாய்வு, இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிலும் வானிலை நிலையங்களிலும் ஒரு தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழில் பிறந்து வளர்ந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மாலுமிகளைக் கேட்டவர்

சுழற்புயலுக்கு 'சைக்ளோன்' என்னும் பெயரை இட்டவர் ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ஆக்கிய அப்பெயர், 1848-இல் மாலுமிகளுக்கென அவர் வெளியிட்ட கையேட்டில் இடம்பெற்றது. கப்பலோட்டியாக இருந்து, பின் கல்கத்தாவில் குடியேறிப் பல பணிகளை ஆற்றியவர் அவர். அவருடைய ஆய்வு முறைதான் நம் கவனத்துக்கு உரியது. செயற்கைக்கோளும் வானொலியும் இல்லாத அக்காலத்தில், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளை அவர் ஒவ்வொன்றாகத் திரட்டினார். எந்த நாளில் எந்த இடத்தில் காற்று எப்பக்கமிருந்து அடித்தது, அப்போது கப்பல்தலைவன் பாயை இறக்கினானா, திசையை மாற்றினானா என்றெல்லாம் ஒப்பிட்டு நோக்கினார். புயலின் வடிவத்தை அதனுள் அகப்பட்ட மனிதர்களின் வாய்மொழியிலிருந்தே அவர் வரைந்தார் எனலாம்.

அவர் வாழ்க்கையில் மற்றொரு பாடமும் உண்டு. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்று அமைக்க அரசினர் எண்ணியபோது, 1853-இல் அவர் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு ஒரு மடல் விடுத்தார். புயலின்போது கடல் எழுந்துவந்து அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்பது அதன் சாரம். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. போர்ட் கானிங் என்ற பெயரில் துறைமுகம் எழும்பிற்று. பிடிங்டன் 1858-இல் மறைந்தார். 1867-இல் வீசிய புயலில் கடல்நீர் ஊரினுள் புகுந்தது; துறைமுகமும் பின்னர்க் கைவிடப்பட்டது. எச்சரிக்கை சரியாக இருந்தும் கேட்க வேண்டியவர் கேளாமற்போனால் பயனில்லை என்பதற்கு அது பழைய சான்று. பாமர மக்கள்தாம் எச்சரிக்கையை மதிப்பதில்லை என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நலம். ஈண்டுக் கேளாதவர் நாடாண்டவர்.

கூண்டு ஏற்றியது யாருக்கு?

1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அடுத்துப் பருவமழை பொய்த்து 1866-இல் ஒரிசாவில் கடும் பஞ்சம் வந்தது. இவ்விரு துயரங்களின் விளைவாகவே 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். அதற்கு முன்பே 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் அறிவிப்பு தொடங்கிவிட்டது. துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூண்டும் இரவில் விளக்கும் ஏற்றும் வழக்கம் பின்னர்க் கடற்கரை எங்கும் பரவியது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இன்றும் வரும் "புயல் கூண்டு ஏற்றப்பட்டது" என்னும் தொடர் இவ்வழக்கத்திலிருந்து வந்ததே.

இந்தியத் துறைமுகக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. பத்தாம் எண் பெரும் ஆபத்தைக் குறிக்கும். பதினோராம் எண்ணோ புயலின் அளவைக் குறிப்பதன்று; எச்சரிக்கை நிலையத்துடன் செய்தித்தொடர்பு அறுந்துபோயிற்று என்பதே அதன் பொருள். இந்நுட்பத்தை அறிந்தவர் கப்பல்தலைவரும் துறைமுக அலுவலருமே. கரையோரக் குடிசையில் வாழும் மீனவனுக்கு எண் 7 என்றால் என்ன, 8 என்றால் என்ன? அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: இன்றிரவு இங்கே படுத்துறங்கலாமா, கூடாதா? கூண்டு அதற்கு விடை சொல்லவில்லை. கப்பலைக் காக்கப் பிறந்த முறையை அப்படியே குடிசைக்கும் உரியதாகக் கொண்டதில்தான் முதற் பிழை நேர்ந்தது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைத் தமிழர் மறக்கவில்லை. இலங்கையின் வடபகுதியைக் கடந்துவந்த அப்புயலில், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலலையால் அடித்துச் செல்லப்பட்டு அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ஊர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. புயல் சென்ற வழியும் அதன் காற்றுவிசையும் வானிலை ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவ்விரவில் ஊரார் அறிந்திருந்தது என்ன, எவர் எவரிடம் கேட்டார், எவர் மேட்டை நாடினார் என்பவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதும் ஆய்வோ, அக்காலத்தில் நம் நாடுகளில் வேரூன்றியிருக்கவில்லை.

சமூகவியல் நுழைந்த வாயில்

அவ்வாய்வு வேறிடத்தில் முளைத்திருந்தது. 1917 டிசம்பர் 6-ஆம் நாள் கனடா நாட்டின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்து 2,000 பேரளவில் இறந்தனர். மறுநாளே கடும் பனிப்புயல் வீசி மீட்புப் பணியை முடக்கியது. அந்நகரில் சமயப் பணி ஆற்றிவந்த சாமுவேல் பிரின்ஸ் என்பவர், அழிவில் மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர், யார் யாருக்கு உதவினர், நகரின் வாழ்க்கை எவ்வாறு மாறிற்று என்பனவற்றை ஆராய்ந்து, 1920-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்துக்குரிய நூலாக வெளியிட்டார். பேரழிவைப் பற்றிய சமூகவியல் ஆய்வுக்கு அதுவே தொடக்கம் என்பர்.

வெள்ளத்தை மனிதர் பக்கமிருந்து நோக்கியவர் அமெரிக்கப் புவியியலறிஞர் கில்பர்ட் ஒயிட். ஆற்றுக்கு அணையும் கரையும் கட்டினால் வெள்ளத் துயர் தீரும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. 1945-இல் வெளியான தம் ஆய்வு நூலில் அவர் அந்நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். அணை ஒரு வழி மட்டுமே. நிலத்தை உயர்த்துதல், தாழ்ந்த இடத்தில் வீடு கட்டாதிருத்தல், முன்னறிவிப்பு, காப்பீடு, நிவாரணம் எனப் பிற வழிகளும் உள. அவற்றுள் எதை யார் கொள்கின்றனர், ஏன் கொள்கின்றனர் என்று பார்த்தல் வேண்டும் என்றார். வெள்ளத்தடுப்புக்குப் பெரும்பணம் செலவழித்த பின்பும் அமெரிக்காவில் வெள்ளச் சேதம் வளர்ந்துகொண்டே போனதை அவரும் அவர் மாணவரும் பின்னர் எடுத்துக்காட்டினர். கரை கட்டியதும் பயம் நீங்கி மக்கள் ஆற்றோரம் மேலும் நெருங்கிக் குடியேறினர். கரையை மீறிய வெள்ளம் வந்தபோது இழப்பு முன்னையினும் பெரிதாயிற்று. மழை இயற்கையின் செயல். இழப்பின் அளவிலோ மனிதர் கையும் உண்டு என்பது அவர் ஆய்வின் சாரம்.

வங்கக் கடலோரத்தில் எடுத்த கணக்கு

1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளைக் கடல் விழுங்கியது. மாண்டவர் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றனர். அப்புயலைச் செயற்கைக்கோள் படம் பிடித்திருந்தது. வானொலியில் அறிவிப்பும் வந்தது. பெரும்பாலோர் புயல் வருவதைக் கேள்விப்பட்டிருந்தனர் என்றும், உறுதியான கட்டடம் தேடிச் சென்றவர் மிகச் சிலரே என்றும் பின்னர் வந்த ஆய்வு கூறிற்று. ஏன் செல்லவில்லை? அவர்களுக்கு அறிவில்லை என்று கூறிவிடுதல் எளிது. அத்தீவுகளிலோ ஓடி ஒளியத்தக்க கட்டடங்களே அரிது. அறுவடைக் காலமாதலால் வெளியூர்களிலிருந்து கூலிக்கு வந்தோரும் வயல்வெளிக் குடிசைகளில் தங்கியிருந்தனர்.

ஆல்பிரட் சோமர், வைலி மோஸ்லி என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் பிழைத்தவர்களை ஊர் ஊராகச் சென்று கண்டு கணக்கெடுத்தனர். 1972-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி இறந்தவர் குறைந்தது 2,24,000 பேர். பாதிக்கப்பட்ட மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். சிறுவரும் முதியவரும் பெண்களும் மிகுதியாக மாண்டிருந்தனர். பிழைத்தவர் பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் ஒரேவகைச் சிராய்ப்புகள் காணப்பட்டன. இரவு முழுவதும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததால் உண்டான புண்கள் அவை. மரத்தைப் பற்றும் வலுவுடைய ஆடவர் பிழைத்தனர். வலுவற்றோர் நீரோடு போயினர். இதை எந்தக் காற்றுமானி சொல்லியிருக்கும்?

1991 ஏப்பிரல் 29-இல் மீண்டும் ஒரு பெரும்புயல் சிட்டகாங் கரையைத் தாக்கி 1,38,000 பேரளவில் உயிர் குடித்தது. அதன்பின் 1,123 பேரைப் பற்றி நடந்த விசாரணையில் ஒரு செய்தி ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது. கல் அல்லது காரைக் கட்டடத்தை அடைந்தவர் ஒருவர்கூட மடியவில்லை. அடையாதவருள் 100-க்கு 22 பேர் மடிந்தனர். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவரும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களும் மிகுதியாக இறந்தனர்.

இக்கணக்குகள் ஏட்டில் உறங்கவில்லை. 1972-இல் செஞ்சிலுவை இயக்கத்தின் துணையோடு தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் தொண்டர்கள் அமர்த்தப்பட்டனர். கைச்சங்கும் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி, சைக்கிளில் சென்று, வானொலி சொன்னதை அவரவர் பேச்சில் எடுத்துச் சொல்வது அவர்கள் பணி. உயரமான தூண்கள்மேல் புகலிடங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல, மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாகவும் பயன்படுகின்றன. பெண்களிடம் பெண்களே சென்று சொன்னால் செய்தி வீட்டினுள் புகும் என்பது உணரப்பட்டு, 2020-களில் 76,000 அளவினரான தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்களாயினர். 2007 நவம்பரில் வந்த 'சித்ர்' என்னும் கடும்புயலில் இறந்தவர் 3,400 பேரளவு. அதுவும் சிறு தொகையன்று; ஆயினும் 1970-உடன் ஒப்பிட்டால் காப்பாற்றப்பட்ட உயிர்களின் அளவு விளங்கும்.

ஏறிப் பிழைத்தவர்கள்

1976 ஜூலை 31-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் என்னும் மலைப்பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் சில மணி நேரத்தில் 300 மில்லிமீட்டரளவு மழை கொட்டியது. குறுகிய பள்ளத்தாக்கில் சீறிவந்த வெள்ளம் 140-க்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. கில்பர்ட் ஒயிட்டின் மாணவியருள் ஒருவரான ஈவ் குருண்ட்பெஸ்ட், வெள்ளம் வடிந்ததும் அங்குச் சென்று அவ்விரவு யார் என்ன செய்தார் என்று விசாரித்து எழுதினார். வண்டியில் ஏறிப் பள்ளத்தாக்கு வழியே வெள்ளத்தை முந்தி ஓட முயன்றோர் பலர் மாண்டனர். வண்டியை விட்டிறங்கி மலைச்சரிவில் சில அடிகள் மேலேறியவர் பிழைத்தனர். அதன் பயனாக, பெருவெள்ளம் வந்தால் மேட்டில் ஏறுக எனக் கூறும் பலகைகள் கொலராடோவின் மலைச்சாலைகளில் நாட்டப்பட்டன. பிழைத்தவர் வாய்ச்சொல்லே அப்பலகையில் எழுத்தாயிற்று.

அவ்வம்மையார் 2005-இல், வானிலை அறிஞரையும் சமூகவியலாரையும் ஒன்றுகூட்டிப் பயிற்றும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்திலும் அப்பணியை நடத்தினார். சமூகவியல் கற்றவரைப் புயலாய்வு நிலையத்திலேயே வேலைக்கு அமர்த்தும் வழக்கம் இத்தகைய முயற்சிகளால் வளர்ந்தது.

அவ்வேலையில் அமர்ந்தவர் செய்வது என்ன? புயலோ வெள்ளமோ ஓய்ந்ததும் அவர் பாதிக்கப்பட்ட ஊருக்குச் செல்கிறார். செய்தியை முதலில் யாரிடமிருந்து, எந்த மொழியில், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள்? கேட்டதும் முதலில் செய்தது என்ன? யாரைக் கலந்து பேசினீர்கள்? வீட்டில் நடக்கமாட்டாதவர் உண்டா? போகத் தயங்கியது எதை விட்டுச் செல்ல மனமின்றி? இவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒழுங்கில் கேட்டு எழுதி, பின் வானிலைப் பதிவுகளோடு மணிக்கணக்காகப் பொருத்திப் பார்க்கிறார். துயருற்றவரிடம் கேட்பதால் குற்றவாளியை விசாரிப்பது போன்ற தொனி இருத்தலாகாது. "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டால் மக்கள் நாணி வாய்மூடுவர், "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்டால் மனந்திறப்பர். வினாவை அமைக்கும் இந்நுட்பம் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை ஒன்று உண்டு. முதல் எச்சரிக்கையைக் கேட்டதும் மக்கள் ஓடுவதில்லை. அண்டை வீட்டாரைக் கேட்கின்றனர், உறவினரை அழைக்கின்றனர், வெளியே வந்து வானத்தைப் பார்க்கின்றனர். 2011 மே 22-இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி தாக்கி 150-க்கு மேற்பட்டோர் மாண்டபோதும் இதுவே வெளிப்பட்டது. அடிக்கடி ஒலித்துப் பழகிய சங்கு அன்றும் ஒலித்தது. பலர் வேறொரு சான்றுக்காகக் காத்திருந்தனர். இது மடமையன்று. பலமுறை ஒலித்தும் ஒன்றும் நேராத சங்கை ஐயுறுதல் மனித இயல்பே. இதை உணர்ந்த வானிலைத் துறையினர், காற்று இத்தனை மைல் வேகம் என்று கூறுவதோடு நில்லாமல், அக்காற்று கூரையைப் பெயர்க்கும், மரத்தை வீழ்த்தும் என விளைவைச் சொல்லும் முறையை 2012 முதல் அங்கு மேற்கொண்டனர். உலக வானிலை நிறுவனமும் 2015-இல் அம்முறையை வற்புறுத்தி வழிகாட்டு நூலொன்றை வெளியிட்டது.

பினாங்கு ஆற்றங்கரையில்

இத்துறை மேலைநாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. 1969-இல் நிறுவப்பட்டு ஜார்ஜ் டவுனை அடுத்த குளுகோரில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக விளங்கிய சான் ஙாய் வெங், தீபகற்ப மலேசியாவின் வெள்ளத் துயரை இந்நோக்கில் ஆராய்ந்தவர். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு இது பற்றியதே. வெள்ளம் வரும் எனத் தெரிந்தும் மக்கள் ஏன் அவ்விடத்திலேயே வாழ்கின்றனர் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினாக்களுள் ஒன்று. வறுமை, சொந்த நிலமின்மை, வேறு தொழிலுக்கும் வேறு ஊருக்கும் மாற இயலாமை, தலைமுறைகளாக வளர்ந்த பழக்கவழக்கம் ஆகியவை அவர் கண்ட விடைகள். வெள்ளத்தைப் பொறியியல் ஒன்றாலேயே வென்றுவிடலாம் என்னும் போக்கை அவர் குறைகூறினார். 1997-இல் தொடங்கிய பினாங்கு நீர்க் கண்காணிப்புக் கழகத்திலும் அவர் முன்னின்று உழைத்தார்.

பினாங்கு ஆற்றை அறிந்தவர்க்கு இவ்விடைகள் வியப்பளிக்கமாட்டா. மலைச்சரிவுகளில் பெய்யும் மழை விரைந்து சமவெளிக்கு இறங்குகிறது. அந்நேரம் கடலில் ஓதம் ஏறியிருந்தால் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தெருவுக்குத் திரும்புகிறது. பீ. ரம்லி சாலைப் பகுதியினர் இதனைப் பன்முறை பட்டறிந்தவர்கள். பொருள்களைப் பரண்மேல் ஏற்றிவைத்து, நீர் வடிந்தபின் வீட்டைக் கழுவி, மீண்டும் அங்கேயே அடுப்பு மூட்டுகின்றனர். வேறிடம் போகாமைக்குக் காரணம் வீம்பன்று. வாடகையும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கே இருப்பதேயாம். ஆண்டுதோறும் வரும் சிறு வெள்ளத்தைத் தாங்கிய பழக்கம், 2017-இல் வந்ததைப் போன்ற பெருவெள்ளத்தை முன்கூட்டி உணரத் தடையாகவும் ஆகலாம் என்பது இவ்வாய்வுத்துறை கற்பிக்கும் பாடம்.

இனி வருங்காலம் இன்னும் கடுமையாகலாம். 2001 டிசம்பர் 27-இல், வடக்கே ஒன்றரைப் பாகையில், அறிவியலார் எதிர்பாராத வண்ணம் 'வாமெய்' என்னும் புயல் தோன்றி ஜொகூரின் தென்கிழக்கைத் தாக்கியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே 'சென்யார்' புயல் உருவாகிச் சுமத்திராவில் பெருவெள்ளத்தை விளைவித்தது. புயல் காணாத தீவு என்னும் பழைய எண்ணத்தை இனிக் காவலாகக் கொள்ள இயலாது.

சொல் விளங்காமற் போனால்

தமிழாசிரியர் சிறப்பாகக் கருத வேண்டியது சொல்லின் பங்கு. 2013 நவம்பர் 8-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டின் தக்லோபான் நகரை ஹையான் புயல் தாக்கி 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் பொங்கி வரும் என்று அரசினர் முன்கூட்டியே அறிவித்திருந்தனர். அறிவிப்பில் இருந்ததோ 'ஸ்டார்ம் சர்ஜ்' என்னும் ஆங்கிலத் தொடர். அது காற்றைக் குறிக்கிறதா, மழையைக் குறிக்கிறதா என்று பலருக்கும் விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர் பலர் பின்னர்க் கூறினர். அறிவிப்பு சரியானது, சொல் விளங்கவில்லை, உயிர் போயிற்று.

தமிழில் இதற்கு வறுமை இல்லை. கடல் நாட்டைக் கொள்வதைக் 'கடல்கோள்' என்று நம் முன்னோர் வழங்கினர். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. அத்தகைய மரபுடைய மொழியில், புயலோடு வரும் கடற்பெருக்கைக் குறிக்க எல்லாருக்கும் விளங்கும் ஒரு சொல் நிலைபெறாமல், 'புயல் அலை', 'கடல் சீற்றம்' எனப் பலவாறாக வழங்கிவருகிறோம். 'கடல் சீற்றம்' என்றால் மீனவர் படகை உயரக் கட்டுவர். கடல் வீட்டுக்குள் வரும் என்று கொள்ளமாட்டார்.

மலேசியாவில் தொடர்மழைக்கு வானிலைத் துறை 'வஸ்பாடா', 'புரூக்', 'பஹாயா' என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. விழிப்பு, கடுமை, ஆபத்து எனத் தமிழில் கூறலாம். பள்ளி மாணவர்க்கு இவை எளிதில் விளங்கும். தமிழ் மட்டுமே படித்த பாட்டிக்கும், அண்மையில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இச்சொற்களால் என்ன விளங்குகிறது, விளங்கியபின் என்ன செய்கின்றனர் என்பது கேட்டறிய வேண்டிய ஒன்று.

செய்தி எட்டாமற் போவதும் உண்டு. பினாங்கு வெள்ளத்துக்குப் பின் ஒரு மாதம் நிறைவதற்குள், 2017 நவம்பர் 30-இல் 'ஒக்கி' புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியது. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவரிடம் கரையில் விடுத்த எச்சரிக்கை சென்று சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவரை அவ்வூர்கள் இழந்தன.

இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டும் தமிழ்க் கடற்கரையிலேயே உண்டு. புதுச்சேரியை அடுத்த மீனவ ஊர்களில், 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்தி நிலையங்களை அமைத்தது. அலையின் உயரமும் வானிலையும் அன்றாடம் ஒலிபெருக்கி மூலம் தமிழில் சொல்லப்பட்டன. மீனவர் எதை அறிய விரும்புகின்றனர் என்று முதலில் கேட்ட பின்னரே அத்திட்டம் வகுக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். ஊரார் நிலையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் முழங்கினர். மக்கள் மேட்டுக்கு ஓடினர். அவ்வூரில் உயிர்ச்சேதம் இல்லை. சுனாமி வானிலையால் வருவதன்று. எனினும், நாள்தோறும் வானிலை சொல்லி நம்பிக்கை பெற்ற குரலே அன்று உயிர் காத்தது. அதே நாளில் பினாங்கில் 52 பேர் மாண்டனர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கு உரிய பங்கு

பிடிங்டன் மாலுமிகளைக் கேட்டது முதல் சான் ஙாய் வெங் ஆற்றங்கரை மக்களைக் கேட்டது வரை ஒன்றரை நூற்றாண்டு கடந்துள்ளது. இக்காலமெல்லாம் அளவைக் கருவிகள் பன்மடங்கு திருந்தின. ஆயினும் மடிந்தவரைப் பற்றி, "சொல்லியும் கேளாதவர்" என்னும் பழி மட்டும் எளிதில் நீங்கவில்லை. அப்பழி நீதியன்று என்பதைக் காட்டியதே இவ்வாய்வுத்துறையின் பெரும்பயன். அவர்களுக்குச் சொல்லப்பட்டதா, விளங்கும்படி சொல்லப்பட்டதா, போவதற்கு ஓரிடம் இருந்ததா என்று கேட்டபின்பே எவரும் தீர்ப்புக் கூற இயலும்.

இப்பணியில் தமிழறிந்தோர்க்கு இடம் உண்டு. ஆற்றோரத்திலும் பழைய தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பட்டறிவைத் தமிழில் கேட்டு எழுதுதல், அம்மொழியை வீட்டில் பேசி வளர்ந்தவர்க்கே முழுதும் கைகூடும். எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படிவரை வந்தது, யார் வந்து எழுப்பினார், எங்கே போய்த் தங்கினர் என்பதை முதியோரிடம் கேட்டு நாளும் இடமும் தவறாமல் எழுதிவர மேல்வகுப்பு மாணவரை ஆசிரியர் பழக்கலாம். அவ்வேடுகள் பள்ளியில் சேர்ந்துவந்தால் அடுத்த வெள்ளத்தின்போது ஊருக்குப் பயன்படும். பினாங்கு ஆற்றங்கரைக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடையே உள்ள தொலைவு சில மைல்களே. தமிழ்ப் பள்ளியில் இவ்வாறு கேட்டெழுதப் பழகிய மாணவர் சிலரேனும் அத்தொலைவைக் கடந்து இத்துறையில் நுழைவாராயின், எச்சரிக்கை எட்டாத வீடுகளின் கதையை அவ்வீட்டார் மொழியிலேயே எழுதும் ஆய்வாளர் நமக்குக் கிடைப்பர்.